நான்காவது விரல்

காலை மணி 9:20. மாடியிலிருந்த இசை அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

மொட்டை மாடியிலிருந்து செல்போனும் கையுமாக இறங்கி வந்த சிட்டு, கதவைத் தள்ளியதும் அப்படியே நின்றுவிட்டாள். சிட்டு என்பது நடனக் குழு அவளுக்கு வைத்த செல்லப் பெயர். குள்ளமாக, படபடவென்று, ஓரிடத்தில் உட்காரத் தெரியாமல் இருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தக் குழுவின் ஆட்டங்களுக்கெல்லாம் பதினோரு வருடமாக அவள்தான் இசையமைப்பாளர்.

அவள் ஓடவிட்டுப் போனது இன்று மாலை மேடையேறப்போகும் ஆட்டத்தின் கடைசிப் பகுதி. முழுப் பாட்டு. இப்போது ஸ்பீக்கரில் சுற்றிக்கொண்டிருந்ததோ வெறும் நாலு சுரம். மேலிருந்து நாலு படி இறங்குவது, மறுபடி மேலே போவது, மறுபடி இறங்குவது. டிங், டிங், டிங், தும். டிங், டிங், டிங், தும்.

திரையில் ஒரு மஞ்சள் கட்டம் எழும்பியிருந்தது: டிஸ்க் கிடைக்கவில்லை.

சிட்டு மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் டிஸ்க் இருந்த இடம் தூசி படியாமல் செவ்வகமாகத் தெரிந்தது. ஒயரின் நுனி மட்டும் அனாதையாகத் தொங்கியது.

பதினோரு வருட உழைப்பு. போனை எடுத்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"உங்க தெருமுனையிலதான். சாயங்கால ஆட்டத்துக்குப் பாஸ் வாங்க வந்துட்டே இருக்கேன். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"என் டிஸ்க்கை யாரோ எடுத்துட்டாங்க அண்ணி."

"எதையும் தொடாதே. பின்னாடி ஏதோ டிங் டிங்னு கேக்குதே, அதையும் நிறுத்தாதே. அஞ்சே நிமிஷம்."

9:26. வாசல் கதவு தட்டப்பட்டது. சிட்டுவின் அண்ணன் மனைவி குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். இன்றைக்கு லீவு. பூப்போட்ட புடவையும் தோளில் பெரிய கைப்பையுமாக வந்தவரைப் பார்த்தால் காய்கறி வாங்கக் கிளம்பியவர் மாதிரி இருந்தது. உள்தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டவர் ஒலிக்காரர்.

"காலையில இருந்து இந்தத் தாழ்ப்பாள் போட்டேதான் இருந்துச்சா?"

"எட்டரைக்கு நான்தான் போட்டேன் மேடம். ஒத்திகை சமயத்துல யாரும் உள்ள வரக்கூடாதுன்னு டீச்சர் உத்தரவு. இப்ப உங்களுக்குத்தான் திறக்கறேன்."

"உள்ள இருக்கறது எத்தனை பேரு?"

"சிட்டுவோட சேர்த்து நாலு பேரு. நான், டீச்சர், ஆட்டக்காரி கொக்கு. மத்த ஆட்டக்காரங்க மதியம்தான் வருவாங்க."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினார்.

இசை அறை சின்னது. நடுவில் ஒரு நீள மேசை. அதன் மேல் திரையும், இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் கொண்ட கீபோர்டும். மேசைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதில்தான் கம்ப்யூட்டர் பெட்டியும், அடிச் சத்தத்தை அதிர வைக்க, தரையோடு தரையாக ஒரு பெரிய ஊஃபர் ஸ்பீக்கரும், பாம்புக் கூட்டம் போல ஒயர்களும். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரைக் காட்டினார்.

"ஆளே இல்லாம இதை யாரு வாசிக்கிறா?"

"அது ஆர்பெஜியேட்டர் அண்ணி. ஒரு மென்பொருள். நான் ராட்டினம்னு சொல்லுவேன். நாலு கட்டையை அழுத்திப் பிடிச்சா, நாலையும் ஒரே அடியா ஒலிக்காம, ஒண்ணொண்ணாப் பிரிச்சுத் தாளத்துக்குச் சுத்த விடும்."

"கையை எடுத்துட்டா நிக்கணுமே?"

"நிக்கும். ஆனா இங்க பாருங்க, 'பிடி'ன்னு ஒரு விளக்கு எரியுது. இது எரிஞ்சா கையை எடுத்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். நான் இதை அணைக்கறதே இல்ல."

"ஆக, கீழ இருக்கறவங்களுக்குப் பாட்டு கேட்டுச்சுங்கறதுக்காக மேல ஆளு இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல." இன்ஸ்பெக்டர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "நீ எத்தனை மணிக்கு வெளிய போனே?"

"எட்டு அம்பதுக்கு. ஒரு போன் வந்துச்சு. சத்தமா இருந்ததால மொட்டை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினேன். பாட்டை நிறுத்தாமலே போயிட்டேன்."

"அரை மணி நேரமா? யாரு அது?"

"அண்ணன்தான். முதல் வரிசை வேண்டாம், மூணாவது வரிசை போதும், கழுத்து வலிக்குதுன்னு ஆரம்பிச்சாரு..."

"என்கிட்ட அரை நிமிஷம் சேர்ந்தாப்ல பேச மாட்டாரு. தங்கச்சின்னா அரை மணி." இன்ஸ்பெக்டர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டது போலிருந்தது. "சரி, இந்தச் சுரமெல்லாம் மேல இருந்து கீழ இறங்குதே. ராட்டினம் எப்பவும் அப்படித்தானா?"

"இல்ல. நாலு விதமா வெச்சுக்கலாம். ஏறுமுகம், இறங்குமுகம், தாறுமாறு, அப்புறம் அழுத்திய வரிசை. இப்ப இருக்கறது அழுத்திய வரிசை. எந்தக் கட்டையை முதல்ல அழுத்தினோமோ அது முதல்ல ஒலிக்கும்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "அப்ப இது எடுத்தவங்களோட கைநாட்டு!"

சிட்டு கண் விரித்தாள். தன் வலது கையை மேசை மேல் வைத்துப் பார்த்தாள். "ஆமா அண்ணி. வலது கையா இருந்தா கட்டைவிரல் இடப் பக்கம், அதாவது கீழ்ச் சுரத்து மேல இருக்கும். கட்டைவிரல்ல ஆரம்பிச்சா கீழ இருந்து மேல போகும். இது தலைகீழா இருக்கே. மேல் சுரத்துல ஆரம்பிக்குதுன்னா..." இடது கையை வைத்தாள். "இடது கை!"

"இங்க இடக்கைக்காரர் யாராவது இருக்காங்களா?"

சிட்டு கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "சவுண்டு அண்ணன். ஆனா அவரு அப்படிச் செய்யற ஆளே இல்ல அண்ணி."

"நான் பிடிச்சவங்க எல்லாரையுமே 'அப்படிச் செய்யற ஆளே இல்ல'ன்னுதான் சொன்னாங்க. அந்த டிஸ்க்குல என்ன இருந்துச்சு?"

"எல்லாமே. நான் போட்ட ஒவ்வொரு பாட்டும்."

"இன்னொரு காப்பி?"

சிட்டு தரையைப் பார்த்தாள். "எடுக்கணும் எடுக்கணும்னு..."

"வாயில நல்லா வருது எனக்கு. அப்புறம் திட்டறேன். இன்னைக்குச் சாயங்காலம் ஆட்டம் நடக்குமா?"

"நடக்கும். பழைய பாட்டைப் பதிவு பண்ணி சவுண்டு அண்ணன் மெஷின்ல போன வாரமே குடுத்தாச்சு. ஆனா கடைசிப் பகுதியை இன்னைக்கு மாத்தறதா இருந்தேன். ராட்டினத்தைத் தாறுமாறுல விட்டுட்டா, ஒவ்வொரு தடவையும் சுரம் வேற வேற மாதிரி கொட்டும். மேடையில உயிரோட இருக்கும். எட்டரைக்கு டீ குடிக்கும்போது சொன்னேன். மூணு பேரும் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க."

"கடைசி நேரத்துல யாரு மாத்துவா? நானே ரெண்டு போட்டிருப்பேன்." இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "ஒண்ணு மட்டும் தெரியுது. எடுத்தவங்களுக்கு ஆட்டத்தைக் கெடுக்கற எண்ணம் இல்ல. பழைய பாட்டு பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சவங்க. நீ மாத்தக்கூடாது, அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும்."

9:50. கீழே ஒத்திகைக் கூடம். ஒலிக்காரர் ஒரு நீள ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இடது கையால்தான். ஆள் நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அவருக்குக் கீழே எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது.

"ஒன்பது மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இதே இடத்துலதான் மேடம். டீச்சர் அந்த மூலையில அடவு எழுதிக்கிட்டிருந்தாங்க. நடுவுல திரை இருக்கறதால ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது."

"மாடியில பாட்டு நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஒன்பது அஞ்சுக்கு. மெஷின்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மூச்சு விடற நேரம்தான். மூணு எண்ணறதுக்குள்ள டிங் டிங்னு வேற ஏதோ ஆரம்பிச்சிடுச்சு."

"சந்தேகம் வரலையா?"

"சிட்டு புதுசா எதையோ குடையுதுன்னு நினைச்சேன். வேண்டாம்மான்னா கேக்கவா போகுது?"

டீச்சர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். குழுவை நடத்துபவர். அறுபத்து மூன்று வயது. ஊதினால் பறந்துவிடுவார் போல ஒல்லி. குரல் மட்டும் கூடத்தின் நாலு சுவரிலும் மோதிவிட்டு வரும்.

"குடையறதாவது! நின்னதும் தெரியும், அப்புறம் வந்தது பாட்டே இல்லைன்னும் தெரியும். நாலே சுரம். அதுல மூணாவது சுரம் பக்கத்துச் சுரத்தோட சண்டை போட்டுக்கிட்டு நின்னுது. எழுந்து போய்த் திட்டலாமான்னு பாத்தேன். திட்டினா அவ இன்னும் ரெண்டு சேத்துப் பண்ணுவா."

"டீச்சருக்குப் பாம்புச் செவி," என்றாள் சிட்டு மெதுவாக.

"அதுவும் கேட்டுச்சு," என்றார் டீச்சர்.

10:05. உடை மாற்றும் அறையில் கொக்கு ஒற்றைக் காலை ஜன்னல் கட்டையில் போட்டுத் தலையை முழங்காலில் சாய்த்திருந்தாள். குழுவின் முதல் ஆட்டக்காரி. நாற்பத்தொரு வயது. ஒல்லி உடம்பு, நீளக் கால், நீளக் கழுத்து, அதனால்தான் கொக்கு. சிட்டுவும் அவளும் ஒரே வாரத்தில் குழுவில் சேர்ந்தவர்கள். ஒருத்தி வீட்டுச் சாவி இன்னொருத்தியின் பையில் கிடக்கும்.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டே கேட்டார்: "காலையில இருந்து இந்த ரூம்லதான் இருந்தீங்களா?"

பதில் இல்லை. நிமிர்ந்து அவள் எதிரில் போய் நின்று மறுபடி கேட்டார்.

"ஆமா மேடம். ஒன்பதுக்கு முன்னாடியே வந்துட்டேன். உடம்பை இளக்கிக்கிட்டு இருந்தேன்."

"வரும்போது மணி பாத்தீங்களா?"

"பனியா? இன்னைக்குப் பனியே இல்லையே மேடம். நல்ல வெயில்தான்."

சிட்டு சூழ்நிலையை மறந்து சிரித்துவிட்டாள். "இவ எப்பவுமே இப்படித்தான் அண்ணி. ஆட்டம்னு வந்துட்டா கனவுலயே நடப்பா."

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "மாடியில பாட்டு நின்னுச்சே, கவனிச்சீங்களா?"

"நிக்கலையே." கொக்கு காலை இறக்கி வெறும் தரையில் ஊன்றினாள். "கடைசிப் பாட்டு. கடைசி வரைக்கும் அதேதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"நன்றிம்மா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

10:20. மீண்டும் இசை அறை. இன்ஸ்பெக்டர் புடவையைச் சொருகிக்கொண்டு மேசைக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். இரண்டடி போனார். அதற்கு மேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"சிட்டு."

"என்ன அண்ணி?"

"மாட்டிக்கிட்டேன்."

கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டு வருவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. இன்ஸ்பெக்டரின் முதுகெல்லாம் சுவர்த் தூசி. "உன் அண்ணன்கிட்ட இதைச் சொன்னே, அவ்வளவுதான்." தூசியைத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தார். தான் துடைத்த இடத்துக்கும் உள்ளே தள்ளி, இன்னும் உயரத்தில், தூசி ஒரு தோள் அகலத்துக்கு ஏற்கெனவே அழிந்திருந்தது.

"டிஸ்க் இருந்தது சந்தோட அந்தக் கோடியில. அதைப் பிடுங்கணும்னா உள்ள போயே ஆகணும். பிடுங்கினதும் பாட்டு நின்னு போச்சு. மூணு எண்ணறதுக்குள்ள ராட்டினம் சுத்த ஆரம்பிச்சிருக்கு. சந்துல இருந்து வெளிய வந்து, மேசையைச் சுத்தி, உன் நாற்காலிப் பக்கம் வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"உங்களுக்கா?"

"ஒல்லியா ஒரு ஆளுக்கு."

"பத்து செகண்டாவது ஆகும்." சிட்டு சட்டென்று நிறுத்தினாள். "அப்படின்னா உள்ள நின்னுக்கிட்டே, மேசைக்கு மேல கையை நீட்டி அழுத்தியிருக்காங்க."

"எதிர்ப் பக்கத்துல இருந்து. இப்ப உன் வலது கையை எதிர்ப் பக்கத்துல இருந்து வெச்சுப் பாரு."

சிட்டு அணில் மாதிரி சந்துக்குள் நுழைந்தாள். கையை நீட்டிக் கட்டைகள் மேல் வைத்தாள். கட்டைவிரல் போய் நின்றது மேல் சுரத்தில்.

"தலைகீழாயிடுச்சு! இடது கையே வேண்டாம். சாதாரண வலது கைதான்." அவள் முகம் மலர்ந்தது. "சவுண்டு அண்ணன் இல்ல! அவரால இதுக்குள்ள ஒரு காலைக்கூட வைக்க முடியாது."

மலர்ந்த முகம் மெல்ல வாடியது. மிச்சம் இருப்பது இரண்டு ஒல்லி ஆட்கள். ஒருவர் அவளுக்கு வேலை கொடுத்தவர். இன்னொருத்தி அவளுடைய உயிர்த்தோழி.

"அண்ணி, இதை இதோட விட்டுடலாமா?"

"விட முடியாது சிட்டு. டிஸ்க்குக்காக இல்ல." இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயே சொல்லு. நீ ரூம்ல இருக்கேன்னு கீழ இருக்கறவங்களை ஏமாத்தணும். பாட்டு நின்னு போச்சு. இந்த நாலு சுரத்தைச் சுத்த விட்டுட்டு, 'அப்பாடா, பாட்டு மறுபடி ஓடுது'ன்னு எந்த மனுஷனாவது நம்புவானா?"

"காது உள்ளவன் எவனும் நம்ப மாட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது.

"கொக்குவை மட்டும் வரச் சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர்.

10:40. கொக்கு வந்து இன்ஸ்பெக்டருக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிட்டு கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். ராட்டினம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"டிஸ்க்கை எடுத்தது நீங்கதாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அதட்டல் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற குரல். "ஒன்பது அஞ்சுக்கு இந்தச் சந்துக்குள்ள போனீங்க. பிடுங்கினதும் பாட்டு நின்னுது. அதை நீங்க காதால கண்டுபிடிக்கல. ஊஃபர் பக்கத்துல செருப்பில்லாம நின்னீங்க. தரை அதிர்றது நின்னதும் பாட்டும் நின்னுடுச்சுன்னு தெரிஞ்சுது. கையை நீட்டிக் கட்டைவிரல்ல ஒரு கட்டையை அழுத்தினீங்க. தரை அசையல. அடுத்த விரல். அசையல. மூணாவது, அதுவும் இல்ல. நாலாவது விரல் அடிச் சுரத்துல விழுந்ததும் தரை தும் தும்னு பழையபடி அதிர ஆரம்பிச்சுது. பாட்டு ஓடுதுன்னு நினைச்சு இறங்கிப் போயிட்டீங்க."

கொக்குவின் கண்கள் இன்ஸ்பெக்டரின் உதட்டை விட்டு நகரவில்லை.

"மத்த ரெண்டு பேரும் பாட்டு நின்னதையும் மாறினதையும் சொன்னாங்க. நீங்க மட்டும் கடைசி வரைக்கும் அதே பாட்டுன்னு சொன்னீங்க. நிக்கலைன்னது பொய். ஆனா அதே பாட்டுன்னது பொய் இல்ல. உங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு. மாறினது தெரிஞ்சிருந்தா நீங்களும் அதைச் சொல்லியிருப்பீங்க. ஆனா எனக்கு முதல்ல உறுத்தினது வேற. நான் மணி பாத்தீங்களான்னு கேட்டேன். நீங்க பனி இல்லைன்னு சொன்னீங்க. காதுல கேட்டா மணி வேற, பனி வேற. உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான்."

"கொக்கு," என்று கதவோரத்திலிருந்து சிட்டு கூப்பிட்டாள்.

கொக்கு திரும்பவில்லை.

"ஏய் கொக்கு." இந்த முறை குரல் உடைந்தது. ஆறடி தூரம்தான். தோழியின் நீளக் கழுத்து நேராக, அமைதியாக, அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் கையால் பின்னால் காட்டினார். கொக்கு திரும்பிப் பார்த்தாள். சிட்டுவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"எத்தனை தடவை கூப்பிட்டே?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை."

"வலது காது சுத்தமாப் போச்சுடி. இடதுல பாதி இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுல இருந்து. கீழ்ச் சத்தம் கொஞ்சம் வரும். மேல் சத்தம் எதுவும் வராது." பையிலிருந்து துண்டில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆட்டம் முடிஞ்சதும் உன் மேசையிலயே வெச்சிருப்பேன். சத்தியமா."

"ரெண்டு வருஷமா என்கிட்ட சொல்லல!" சிட்டு மூன்றே எட்டில் அவள் முன்னால் வந்து நின்றாள். "எனக்குத் தலைவலின்னா உனக்கு முதல்ல தெரியும். உனக்குக் காது போனது எனக்குத் தெரியாது. நான் என்ன மூணாம் மனுஷியா?"

"சொன்னா என்ன ஆகும்? நீ அழுவே. டீச்சர் என்னை உக்கார வெச்சுப் பத்திரமாப் பாத்துப்பாங்க. எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. எனக்கு அந்தப் பார்வை வேண்டாம். ஆடணும், அவ்வளவுதான்." கொக்கு மூச்சு விட்டாள். "கடைசிப் பகுதியில உன் ராட்டினம் எட்டு சுரத்துக்கு ஒரு தடவை அடிச் சுரத்துக்கு வரும். அது மேடைப் பலகையில அதிரும். அதை வெச்சுத்தான் ஒவ்வொரு அடியும் போடறேன். நீ தாறுமாறுல விட்டா அது எப்ப வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? நடுமேடையில, அத்தனை பேரு முன்னாடி, நான் தொலைஞ்சு போயிடுவேன் சிட்டு."

டிங், டிங், டிங், தும்.

சிட்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கொக்குவின் மடியிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கி, சந்துக்குள் புகுந்து, ஒயரில் மாட்டி, மறுபக்கமாக வந்து தன் நாற்காலியிலிருந்த இன்ஸ்பெக்டரை ஒரு தள்ளு தள்ளினாள்.

"எழுந்திரிங்க அண்ணி. எனக்கு வேலை இருக்கு."

"பழைய பாட்டே இருக்கட்டும்னு விடேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு விடணும்? ஒரே ராட்டினம்தான் சுத்தணும்னு யாரு சொன்னா?" சிட்டுவின் விரல்கள் கட்டைகள் மேல் ஓட ஆரம்பித்துவிட்டன. "ரெண்டு வைக்கிறேன். மேல ஒண்ணு, தாறுமாறு. அது எனக்கு. கீழ ஒண்ணு, ஒரே அடிச் சுரம், எட்டுக்கு ஒரு தடவை, மாறவே மாறாது. அது இவளுக்கு." திரும்பிக் கொக்குவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "செருப்பு இல்லாமத்தானே இருக்கே? தரையில கால் வை. எப்ப தெரியுதோ கையைத் தூக்கு."

11:00. முதல் முறை கொக்கு கையைத் தூக்கியது அரை நொடி தாமதம். சிட்டு அடிச் சுரத்தை இன்னும் ஒரு படி கீழே இறக்கி, நீளத்தைக் குறைத்து, தொடக்கத்தைக் கூர்மையாக்கினாள். இரண்டாவது முறையும் சரியாக வரவில்லை. ஐந்தாவது முறை கையும் சுரமும் ஒன்றாக எழுந்தன. ஆறாவது முறை கொக்கு கையைத் தூக்கவில்லை. எழுந்து, அந்தச் சின்ன அறையில் கிடைத்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கால் தரையைத் தொட்ட நொடியில் தும் என்றது.

12:15. ஒலிக்காரர் மாடி ஊஃபரைத் தலையில் சுமந்துபோய்ப் பக்கத்து அரங்கத்தின் மேடைப் பலகைக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று கேட்டார். கொக்கு தானே சொன்னாள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல இன்னொண்ணு இருக்கு, கொண்டாறேன்," என்று கிளம்பிவிட்டார்.

மாலை 6:00. அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் இன்ஸ்பெக்டரும் அவர் கணவரும். கடைசிப் பகுதி வந்தது. மேலே சுரங்கள் மழை கொட்டுவது போல இஷ்டத்துக்குக் கொட்டின. எது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கீழே அந்த ஒற்றைச் சுரம் மட்டும் நிதானமாக வந்துகொண்டே இருந்தது. அந்த மழைக்குள் கொக்கு ஒரு முறைகூடத் தடுமாறாமல் ஆடினாள். மேடையோரம் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிட்டு திரையைப் பார்க்கவே இல்லை. தோழியின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

7:10. மேடைக்குப் பின்னால் எல்லா ஆட்டக்காரர்களும் கூடியிருந்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிட்டுவைப் பிடித்தார். "மாத்தாதேன்னு சொன்னேன். மாத்தினே. நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம். கீழ ஒரு சுரத்தைப் புதுசாச் செருகியிருக்கியே, அது எதுக்கு?"

சிட்டு வாயைத் திறந்தாள். கொக்கு அவள் தோளில் கை வைத்து முன்னால் வந்தாள்.

"எனக்காக டீச்சர். எனக்கு ஒரு காது கேக்காது. இன்னொண்ணு பாதிதான். ரெண்டு வருஷமாச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன், சிட்டு கூட வர்றா. இதுவரைக்கும் சொல்லாதது தப்புதான்." சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். "அடுத்த ஒத்திகை எப்போ?"

டீச்சரின் கண்ணாடி கையிலேயே இருந்தது. கொக்குவுக்குக் கேட்கட்டும் என்று கட்டடமே அதிரும்படி கத்தினார்:

"திங்கட்கிழமை! காலையில! எட்டு மணிக்கு!"

கொக்கு சிரித்தாள்.

"கத்தாதீங்க டீச்சர். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, என்னைப் பாத்து மெதுவாச் சொல்லுங்க. போதும்."